மலேசியாவில் நம் பிள்ளைகளின் உயர்கல்விக்கு இன்று பெரிய தடை எது?

கேட்டிருப்பவர் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தாய். மகள் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். கோட்டா முறை தடையா, பணம் தடையா, படித்தாலும் வேலை இல்லை என்பது தடையா என்று கேட்கிறார்.

சகோதரி, மூன்றும் தடைதான். ஆனால் அவற்றுக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. தேர்வு முடிவு வந்த சில வாரங்களுக்குள், போதிய விவரம் இல்லாமல், பிள்ளை எந்த வழியில் படிப்பது என்று வீட்டில் தீர்மானித்துவிடுகிறோம். அந்தத் தீர்மானம் தவறினால் மற்ற மூன்றும் சேர்ந்து அமுக்குகின்றன.

நான் பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர். தேர்வு முடிவு வெளியாகும் காலத்தில் எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் நண்பர்களோடு உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். ஆகவே படிக்கப் போகிறவர்களையும் பார்க்கிறேன், படித்து முடித்து வேலை கேட்டு வருபவர்களையும் பார்க்கிறேன்.

முதலில் கோட்டா. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பைத் தரும் அரசு மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் 90 விழுக்காடு இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும். மிச்சமிருக்கும் 10 விழுக்காட்டில்தான் மற்ற எல்லாரும். 2018இல் இந்திய மாணவர்களுக்கு 2,200 இடங்கள் என்றார்கள். 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் விகிதம் மாறவில்லை. நிறைய ஏ எடுத்தும் இடம் கிடைக்காத பிள்ளைகளின் செய்தி ஆண்டுதோறும் பத்திரிகையில் வரும். 2024இல் பிரதமர் அன்வார், 10ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் எங்கள் மண்டபத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 10ஏ பிள்ளைகள் இல்லை. தமிழில் ஏ, வரலாற்றில் பி, கணிதத்தில் சி என்று கலந்து வாங்கியவர்கள். இவர்களுக்காக யாரும் அறிக்கை விடுவதில்லை. எனக்குக் கவலை இவர்களைப் பற்றித்தான்.

இந்தப் பிள்ளைகளிடம் நான் விடாமல் சொல்வது ஆறாம் படிவம், அதாவது எஸ்.பி.எம். முடித்தபின் பள்ளியிலேயே படிக்கும் பல்கலைக்கழக முன்படிப்பு. மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. அரசுப் பள்ளி என்பதால் கல்லூரிக் கட்டணம் என்று எதுவும் இல்லை, வீட்டிலிருந்தே போய் வரலாம். தகுதி இருந்தால் இடம் தானாகவே வரும், இணையத்தில் சரிபார்த்தால் எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். தமிழ்மொழியை ஒரு பாடமாக எடுக்கலாம். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்ததும், யு.பி.யு. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று தகுதிப் புள்ளி போடுகிறார்கள்.

இதைச் சொன்னால் வீட்டில் வரும் பதில் இரண்டு. ஒன்று, "எஸ்.டி.பி.எம். ரொம்பக் கஷ்டமாமே." இன்னொன்று, "கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜ் போகும்போது இவள் மட்டும் மறுபடியும் ஸ்கூல் யூனிபார்ம் போட வேண்டுமா?" இரண்டாவதற்கு நான் பதில் சொல்வதில்லை. முதலாவது உண்மை. மெட்ரிகுலேஷன் தேர்வு வேறு, எஸ்.டி.பி.எம். வேறு. இருந்தும் இரண்டின் சராசரியையும் ஒரே 4.0 அளவில் வைத்து, ஒரே இடத்துக்குப் போட்டி போட விடுகிறார்கள். அது நியாயமில்லை, மாற்றச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. ஆனால் அது மாறும்வரை பிள்ளை வீட்டில் உட்கார முடியாது. என் கண்ணெதிரே ஆறாம் படிவத்தில் கால் வைத்து, பினாங்கு கெலுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பெற்றோருக்கு வட்டிக்கடைப் பக்கம் போக வேண்டிய நிலை வரவில்லை.

அதே சமயத்தில் தனியார் கல்லூரிகளின் ஆட்களும் வந்துவிடுகிறார்கள். ஷாப்பிங் மாலில் கண்காட்சி, வாட்ஸ்அப்பில் செய்தி, இன்றே பதிந்தால் கட்டணத்தில் தள்ளுபடி, மடிக்கணினி. "பி.டி.பி.டி.என். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பாதீர்கள். 1997இல் தொடங்கிய அந்த அரசு உயர்கல்விக் கடன் நிதி இல்லாவிட்டால் நம்மில் பலர் படித்தே இருக்க முடியாது, அதற்கு நான் நன்றியுள்ளவன். வட்டி மாதிரி எடுக்கும் சேவைக் கட்டணமும் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான். ஆனால் தனியார் கல்லூரியில் அந்தக் கடன் பெரும்பாலும் முழுக் கட்டணத்துக்கே போதாது. விடுதி, சாப்பாடு, பேருந்து எல்லாம் தனி. அப்போதுதான் அப்பா ஊழியர் சேமநிதியில் கை வைக்கிறார், அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு லாரி ஓட்டுநரின் மகள் இப்படித்தான் ஒரு தனியார் கல்லூரியில் பவுண்டேஷன் என்ற பட்டப்படிப்புக்கு முந்தைய படிப்பில் சேர்ந்தாள். நல்ல பெண், படிக்கக் கூடியவள். பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலேயே வீட்டில் பணம் முடிந்துவிட்டது. வேறு இடத்துக்கு மாறலாம் என்று பார்த்தால் அந்த பவுண்டேஷன் அந்தக் கல்லூரிக்கு வெளியே பெரிதாக உதவவில்லை. பாதியில் நின்றாள். கடன் நிற்கவில்லை. இப்போது ஒரு பேரங்காடியில் வேலை செய்து மாதாமாதம் கட்டுகிறாள். அந்தக் குடும்பத்திடம் முன்பே யாராவது உட்கார்ந்து மூன்று ஆண்டுச் செலவைக் கூட்டிக் காட்டியிருந்தால் போதும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எல்லாத் தனியார் கல்லூரியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் எம்.க்யூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையின் இணையப் பதிவேட்டில் அந்தக் குறிப்பிட்ட படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, படிப்பின் பெயர் இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரமா முழு அங்கீகாரமா என்பதையும் கேளுங்கள். முழுப் படிப்புக்கும் ஆகும் செலவை எழுத்தில் வாங்குங்கள்.

மருத்துவம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பாதிக் கனவு அதுதான். தனியாரில் பல லட்சம் ரிங்கிட். மருத்துவப் பட்டதாரிகள் பெருகியதால் 2011இலேயே புதிய மருத்துவப் படிப்புகளுக்குத் தடை போட்டார்கள். 2016 கடைசியிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்த முறையில்தான் எடுத்தார்கள், அதை எதிர்த்து 2021 ஜூலை 26 அன்று அவர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். பிள்ளைக்கு உண்மையான ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். உறவினர் முன் தலைநிமிர வேண்டும் என்பதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

வேலை பற்றி நான் பார்ப்பதைச் சொல்கிறேன். நாட்டில் உயர்கல்வி முடித்து வேலை செய்கிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தங்கள் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருக்கிறார்கள் என்று புள்ளிவிவரத் துறையே சொல்கிறது. எங்கள் தொழிற்சாலைக்கும் வணிக நிர்வாகப் பட்டத்தோடு ஆபரேட்டர் வேலை கேட்டு வருகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், அதற்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை. இன்னொரு பக்கம், 2024இல் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 பொறியாளர்களை உருவாக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொழிலின் மையமே நம் பினாங்கு. இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்த டிப்ளோமாக்காரர்களை இங்கே தேடுகிறார்கள்.

அந்த டிப்ளோமா பெர்மாத்தாங் பாவ் பக்கம் இருக்கும் பாலிடெக்னிக்கில் கிடைக்கிறது. படிப்புக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 ரிங்கிட். நன்றாகச் செய்தால் பெர்லிஸ் பல்கலைக்கழகம் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பட்டமும் தொடரலாம். "மார்க் வராத பிள்ளை போகிற இடம்" என்று நாமே ஒதுக்கி வைத்திருக்கிறோம். என் குழுவில் இருக்கும் மிகத் திறமையான டெக்னீஷியன்களில் இருவர் பாலிடெக்னிக் பிள்ளைகள்.

ஆங்கிலமும் ஒரு சிக்கல்தான். பல்கலைக்கழகத்துக்கு மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வு வேண்டும். அதற்கு இப்போதே தினமும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்கள், அது போதும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். யு.பி.யு., மெட்ரிகுலேஷன் இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், முடிவு வரும் முன்பே திறந்துவிடுவதும் உண்டு. அதனால் காத்திருக்க வேண்டாம். முடிவு வந்தபின் ஆறாம் படிவ இடத்தைச் சரிபாருங்கள், வேறு ஏதாவது பெரிதாகக் கிடைக்கும்வரை அதை விட்டுவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்கான தேதியையும் குறித்து வையுங்கள். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் பதிவுப் பணம் கட்டாதீர்கள். முடிவு வந்ததும் அவள் பாடங்களையும் கிரேடுகளையும், அவளுக்கு என்ன பிடிக்கும் என்பதையும் இங்கே கருத்தில் எழுதுங்கள். எந்தப் பாடச் சேர்க்கை எந்தப் பட்டத்துக்குப் போகும் என்று சேர்ந்தே பார்க்கலாம்.