கறுப்புப் பட்டிக்கு முன் ஒரு தராசு

ஐயா,

சனிக்கிழமை நீங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்த சிக்ஸ் சிக்மா வகுப்பின் துண்டுப்பிரசுரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான்காக மடித்த மடிப்புகளில் கோதுமை மா படிந்திருக்கிறது. "உயர்தரத்தில் வணிகம் படித்த பிள்ளை, கறுப்புப் பட்டி எடுக்கப் போகிறேன் என்கிறாள். இது படிப்பா, கராத்தே வகுப்பா?" என்று கேட்டீர்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே நான்கு பேர் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். மீதியை இதில் எழுதுகிறேன். மகளும் படிக்கட்டும்.

உங்கள் கேள்வியில் பிழையில்லை. அந்தப் பட்டிகளின் பெயர் உண்மையிலேயே கராத்தே போன்ற கலைகளிலிருந்து எடுத்ததுதான். 1986இல் அமெரிக்காவின் மோட்டரோலா நிறுவனத்தில் பில் ஸ்மித் என்ற பொறியியலாளர் தொடக்கிவைத்த தர முறைக்கு சிக்ஸ் சிக்மா என்று பெயர். அதில் தேர்ச்சி பெறுகிறவர்களை மஞ்சள், பச்சை, கறுப்பு என்று பட்டி வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். 1995இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அதைக் கையிலெடுத்தபின் எங்கும் பரவியது. பத்து இலட்சம் வாய்ப்புகளில் பிழை 3.4ஐத் தாண்டக் கூடாது என்பது அதன் இலக்கு. உங்கள் பேக்கரியில் நாளொன்றுக்கு 600 இறாத்தல் பாண் போடுவதாகச் சொன்னீர்கள். பத்து இலட்சம் பாண் சுடுவதற்கு நான்கரை ஆண்டு பிடிக்கும். அத்தனை காலத்தில் மூன்று நான்கு பாண் மட்டுமே பிழையாகலாம் என்றால் எந்தப் போறணைக்கும் அது எட்டாத கணக்கு.

சிக்மா என்பது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு ஆடுகின்றன என்பதைச் சொல்லும் அளவு, நியம விலகல் என்பதும் அதுவே. வகுப்புக்கு விசாரிக்கப் போகும்போது மகள் அங்குள்ள விரிவுரையாளரிடம் ஒன்று கேட்கட்டும்: "ஆறு சிக்மா என்றால் கணிதப்படி நூறு கோடிக்கு இரண்டு பிழைதானே வரவேண்டும்? நீங்கள் ஏன் பத்து இலட்சத்துக்கு 3.4 என்கிறீர்கள்?" நாள் போகப் போக எந்த வேலையும் கொஞ்சம் விலகும், அதற்காக ஒன்றரை சிக்மாவை முன்கூட்டியே கழித்துவிட்டுச் சொல்லும் எண்தான் அது என்று அவர் விளக்கினால் விஷயம் தெரிந்தவர். சிரித்து மழுப்பினால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கட்டணம் ஒன்றரை இலட்சம் ரூபாய் மிச்சம்.

அந்தத் தாளில் எனக்குப் பிடிக்காதது கட்டணம் மட்டுமல்ல. "மூன்று வார இறுதிகளில் கறுப்புப் பட்டி, முன் அனுபவம் தேவையில்லை" என்று போட்டிருக்கிறார்கள். சிக்ஸ் சிக்மாவுக்கு உலகில் ஒரே ஒரு தலைமை அமைப்பு என்று எதுவும் கிடையாது. யாரும் பட்டி கொடுக்கலாம். அச்சகம் இருந்தால் போதும். ஆனால் தொழில் வட்டாரத்தில் மதிப்புள்ள அமெரிக்கத் தரச் சங்கம் கறுப்புப் பட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறவரிடம் கையொப்பத்துடன் உறுதிசெய்த இரண்டு முடிந்த செயற்றிட்டங்களைக் கேட்கிறது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் கூடவே மூன்று ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். பச்சைப் பட்டிக்கும் மூன்று ஆண்டு அனுபவம். அனுபவமே இல்லாமல் எழுதக்கூடியது மஞ்சள் பட்டி ஒன்றுதான். பத்தொன்பது வயதில் கறுப்புப் பட்டி என்றால் வேலை கொடுக்கிறவர் அந்தச் சான்றிதழை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைச் சொன்னதும் "அப்படியானால் வேண்டாம், அரசாங்க வேலைக்குப் பார்க்கட்டும்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். துண்டுப்பிரசுரம் மோசம், மகளின் ஆசை மோசமில்லை. ஒரு வேலை எங்கே தேங்குகிறது, எங்கே வீணாகிறது என்று பார்க்கும் கண் அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது. நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் அலுவலக வரிசையைப் பார்த்து, "சேர், விண்ணப்பப் படிவத்தை உள்ளே வந்தபின் கொடுக்காமல் வெளியிலேயே கொடுத்தால் இருக்கிற நேரத்தில் நிரப்பிவிடுவார்களே" என்றாள். திங்கட்கிழமை முதல் அப்படித்தான் செய்கிறோம்.

அந்தக் கண்ணைப் பழக்குவதற்கு ஊரிலேயே உங்கள் பேக்கரியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. உங்களுக்கு மா வரும் சீனன்குடா ஆலையிலும் இதே பாடம்தான் பெரிய அளவில் நடக்கிறது.

முதல் பாடம் சும்மா நிற்பது. டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, இளம் பொறியியலாளரை அதற்குள் மணிக்கணக்கில் நிற்கவிட்டுப் பார்க்கச் சொல்வாராம். மகள் மூன்று நாள், மா குழைக்கத் தொடங்கும் நேரத்திலிருந்து ஓட்டோ பாணேற்றிப் புறப்படும்வரை ஒரு கொப்பியுடன் நிற்கட்டும். யாருக்கும் ஒரு யோசனையும் சொல்லக் கூடாது. மா எங்கே இருக்கிறது, அச்சு எங்கே இருக்கிறது, ஒருவர் எத்தனை தடவை நடக்கிறார், எது எதற்காகக் காத்திருக்கிறது. இவ்வளவுதான் எழுத வேண்டும்.

இரண்டாவது பாடத்துக்குத் தராசு வேண்டும். 2024இல் வந்த வர்த்தமானியின்படி ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், 13.5 கிராம் வரை குறையலாம். உங்கள் பாண் சராசரியாக எத்தனை கிராம் என்று கேட்டேன். "கூடத்தான் இருக்கும், குறையாது" என்றீர்கள். ஐயா, அந்தக் 'கூடத்தான்' என்ற சொல்லுக்கு விலை இருக்கிறது.

ஒவ்வொரு தடவை பாண் இறக்கும்போதும், ஆறியபின், கைக்கு வந்த ஐந்தை எடுத்து நிறுத்து எழுதட்டும். ஐந்தின் சராசரி ஒன்று, கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம் ஒன்று. இந்த வித்தியாசத்தை வீச்சு என்பார்கள். இப்படி 25 தடவை. பிறகு எல்லாவற்றுக்கும் மொத்தச் சராசரி எடுக்க வேண்டும். மொத்தச் சராசரி 452 கிராம், வீச்சின் சராசரி 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஐந்தாக எடுத்தால் வீச்சை 0.577ஆல் பெருக்க வேண்டும் என்பது புள்ளிவிபர அட்டவணையில் உள்ள எண். ஏறத்தாழ 7 வரும். ஆகவே ஐந்து பாணின் சராசரி 445க்கும் 459க்கும் நடுவில் ஊசலாடுவது உங்கள் பேக்கரியின் இயல்பு. ஒரு நாள் 447 வந்ததென்று பாண் போடும் பாஸைக் கூப்பிட்டு ஏசினால் அது அநியாயம். மறுநாள் அவர் மாவைக் கூட்டிப் போட, இன்னும் ஆட்டம் கூடும். 441 வந்தால் மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. புது மா மூட்டையா, புதுப் பையன் உருண்டை வெட்டினானா, தராசு பழுதா என்று தேடலாம்.

நடுவில் சராசரிக்கு ஒரு கோடு, மேலும் கீழும் இந்த எல்லைகளுக்கு இரண்டு கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் வந்த சராசரியைப் புள்ளியாக வைக்கும் படத்துக்குக் கட்டுப்பாட்டு வரைபடம் என்று பெயர். தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வோல்டர் ஷூஹார்ட் 1924 மே மாதம் ஒரு சிறு குறிப்பில் வரைந்து கொடுத்தது. 1950இல் ஜப்பானுக்குப் போய் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் டெமிங் கற்பித்ததும் பெரும்பாலும் இதைத்தான். நூறு வயது தாண்டிய இந்த ஒற்றைப் படத்தைக் கையால் வரையத் தெரிந்தவருக்கு மற்றக் கருவிகள் தானாக விளங்கும் என்பது என் அபிப்பிராயம். ஒரு பிழையின் காரணங்களை மீன் முள்போலக் கிளை பிரித்து எழுதும் மீன்முள் வரைபடம், ஐந்து தடவை 'ஏன்' கேட்பது எல்லாம் நல்லவைதான். ஆனால் அளந்த எண் இல்லாமல் அவற்றைப் போட்டால் கூட்டத்தில் உரத்துப் பேசுகிறவரின் கருத்துத்தான் முள்ளாக நீளும்.

இனிக் காசு. மேலே சொன்னது ஐந்தின் சராசரி. தனிப் பாண் அதைவிட அதிகம் ஆடும். வீச்சின் சராசரி 12ஐ, அதே அட்டவணையில் உள்ள 2.326ஆல் வகுத்தால் 5.16. அதுதான் தனிப் பாணின் சிக்மா. ஏறத்தாழ எல்லாப் பாணும் சராசரிக்கு இருபுறமும் மூன்று சிக்மாவுக்குள் அடங்கும்; மும்மடங்கு 15.5. அதாவது 452 சராசரி வைத்தும் ஒரு பாண் 436.5 வரை இறங்கக்கூடும். சட்டம் விடும் எல்லையும் சரியாக அதுவே. (பொருந்தட்டும் என்றுதான் இந்த எண்களைத் தேர்ந்தேன்; உங்களுடையது வேறாக இருக்கும்.) உருண்டை வெட்டும் இடத்தில் கவனம் எடுத்து வீச்சை 12இலிருந்து 10ஆகக் குறைத்தால், சராசரியை 450க்குக் கொண்டுவந்தாலும் எல்லைக்குக் கீழே போகாது. பாணுக்கு 2 கிராம், 600 பாணுக்கு 1.2 கிலோ. மாதத்தில் 80 பாணின் எடை. வாங்குகிறவருக்கு உரியதில் ஒரு கிராமும் குறையவில்லை. அவருக்கு உரிய 450 சராசரியாக அவருக்குக் கிடைக்கிறது. ஆட்டம் குறைந்ததால் வந்த மிச்சம் இது.

மாலையில் ஓட்டோவில் திரும்பிவரும் பாணையும் மகள் எண்ணட்டும். "அதை ரஸ்க் ஆக்கிவிடுகிறோம், வீண் போவதில்லை" என்று நீங்கள் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓனோ எழுதி வைத்த ஏழு வகை வீண்களில் தேவைக்கு மேல் செய்வதைத்தான் அவர் மிக மோசமானதாகக் கருதினார். ஏனென்றால் அது மற்றப் பிழைகளை மூடி மறைக்கிறது. உங்கள் ரஸ்க் தட்டு அதைத்தான் செய்கிறது. எந்தப் பாதையில், எந்தக் கிழமையில் எவ்வளவு திரும்புகிறது என்று இரண்டு வாரம் எழுதினால், வெள்ளிக்கிழமைக் கணக்கு ஒன்றாகவும் போயா நாள் கணக்கு வேறாகவும் இருப்பதைக் காண்பீர்கள்.

பாஸ் விஷயத்தில் மட்டும் கவனம். முதலாளியின் மகள் கொப்பியுடன் போறணைக்குப் பக்கத்தில் நின்றால் அவர் வேவு பார்ப்பதாகத்தான் நினைப்பார். தொடங்குவதற்கு முன் நீங்களே போய், இது ஆளை அளப்பதல்ல, பாணை அளப்பது என்று சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். முதல் வரைபடத்தை உங்களுக்குக் காட்டும் முன் அவருக்குக் காட்டட்டும். இருபது வருடம் மா பிசைந்த கை. எந்தப் புள்ளி ஏன் விழுந்தது என்பது மகளைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆலோசனை சொல்லும் இந்த நாற்காலிக்கு நான் வரும் முன் ஒரு தொழிற்சாலையின் தரப்பிரிவில் இருந்தேன். மணிக்கொரு தடவை வெப்பநிலை எழுத வேண்டிய தாளை முறை முடியும் நேரத்தில் ஒரேயடியாக நிரப்புவோம். எட்டு மணித்தியாலமும் ஒரே எண், ஒரே மை. குறைவாக எழுதினால் மேலாளர் கத்துவார் என்ற பயம். சுவர் முழுக்க ஜப்பானியச் சொற்களில் பதாகை வேறு. அந்தத் தாள்களில் பாதி என் பேனாவால் நிரப்பியவை. பொய் எண்ணைக் கொண்டு எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதை நான் வகுப்பில் படிக்கவில்லை.

இனி வழிகள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தின் தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள் பீடத்தையும் மகள் விருப்பத்தில் போடட்டும். பிறகு அனுமதிக்கான இசட் புள்ளி வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது உங்களுக்கு ஆறுதல். கிடைக்காவிட்டால் அரச உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகத்தின் கணக்கியல் டிப்ளோமா இருக்கிறது. கணக்குத் தெரிந்தவர் தரம் பேசினால் முதலாளிகள் கேட்பார்கள், ஏனென்றால் அவர் ரூபாயில் பேசுவார். எந்தத் தனியார் வகுப்புக்குக் காசு கட்டுவதானாலும், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூடவே எக்செல். சராசரி, நியம விலகல், வரைபடம் மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிய வேண்டும்.

வேலை எங்கே என்பீர்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை அளந்து ஒழுங்குபடுத்தும் பிரிவு இருக்கிறது. உயர்தரம் முடித்தவர்கள் பயிலுநராகச் சேரும் இடம் அது. எங்கள் ஊரில் மா ஆலை, சீமெந்து ஆலை, துறைமுகம், உப்புவெளி நிலாவெளி ஹோட்டல்கள். உணவு சம்பந்தப்பட்ட எல்லா இடத்திலும் உணவுப் பாதுகாப்பு ஆவணங்களை ஒழுங்காக வைத்திருக்கத் தெரிந்தவர் தேவை.

அரசாங்க வேலை என்ற உங்கள் கனவையும் நான் உடைக்கவில்லை. கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனை 2000ஆம் ஆண்டில் ஜப்பானின் ஐந்து எஸ் முறையைத் தொடங்கியது. வேண்டாததை அகற்று, இருப்பதை ஒழுங்காக வை, துப்புரவாக்கு, அதை நியமமாக்கு, பழக்கமாக்கு என்பவைதான் அந்த ஐந்து. அரச மருத்துவமனை ஒன்று செய்துகாட்டிய அந்த வேலையைப் பார்த்து ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் வந்து கற்றுப்போனார்கள். தேசிய உற்பத்தித்திறன் செயலகம் அரச அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் விருதுப் போட்டி நடத்துகிறது. மகள் நாளை பிரதேச செயலகத்தில் ஒரு மேசையில் அமர்ந்தாலும் இந்தக் கண் அவளுக்கு உதவும். வரிசையில் நிற்கும் எங்களுக்கு அதைவிட உதவும்.

ஆகவே துண்டுப்பிரசுரத்துக்கு இப்போது காசு கட்டாதீர்கள். 25 தடவை நிறுத்து எழுதிய தாளும் வரைபடமும் முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். அவசரமில்லை, ஒரு மாதம் எடுக்கட்டும். அந்தத் தாளைப் பார்த்தபின் மஞ்சள் பட்டித் தேர்வு எழுதுவதா, வேண்டாமா என்று பேசலாம். தராசு வாங்கும்போது ஒவ்வொரு கிராமாகக் காட்டுவதை வாங்குங்கள். ஐந்து ஐந்து கிராமாகத் தாவும் கடைத் தராசு இந்த வேலைக்கு உதவாது.