பதிவேட்டில் ஆள் இருக்கிறது, வகுப்பில் இல்லை: என்ன செய்யலாம்?

கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு 10 வயது, அறிவுசார் குறைபாடு. அரசு சிறப்புப் பள்ளியில் படிக்கிறான். போன வருடம் தனித்தனியாக இருந்த இரண்டு வகுப்பை இப்போது ஒன்றாக்கிவிட்டார்கள். ஆயாம்மா நின்றுவிட்டார். பேச்சுப் பயிற்சியும் இல்லை. எத்தனை பிள்ளைக்கு ஒரு டீச்சர் இருக்க வேண்டும்? கேட்டால் டிசியைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது."

முதலில் அந்தப் பயத்தை முடித்துவிடுவோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31ஆவது பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாகவே தருகிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். கேள்வி கேட்டதற்காக டிசி கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை. யாராவது வாய்வார்த்தையாக மிரட்டினால், "எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

அடுத்து எண்ணிக்கை. சிறப்புப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உத்தரவிட்டது. அதுவரை டெல்லி மாற்றுத்திறனாளிகள் ஆணையரின் பரிந்துரையைப் பின்பற்றச் சொன்னது. குறைபாட்டைப் பொறுத்து 8 பிள்ளைக்கு ஒருவர் என்பதில் தொடங்கி, அறிவுசார் குறைபாடு என்றால் 5 பேருக்கு ஒருவர், பார்வை, செவித்திறன் இரண்டும் இல்லாத பிள்ளைகள் என்றால் 2 பேருக்கு ஒருவர் வரை அது போகிறது. ஆகவே உங்கள் மகன் வகுப்பில் ஓர் ஆசிரியரிடம் 5 பேருக்கு மேல் இருந்தால் தாராளமாகக் கேட்கலாம். அலுவலகத்தில் சிலர் "10 பேர், 15 பேர் வரை இருக்கலாம்" என்பார்கள். அது 2022 ஜூனில் சாதாரணப் பள்ளிகளுக்காக வந்த அறிவிப்பு: 1 முதல் 5ஆம் வகுப்பு வரை சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 15க்கு ஒருவர். இரண்டையும் குழப்பவிடாதீர்கள்.

ஆனால் இந்தக் கணக்கோடு நேராக ஹெச்.எம். அறைக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். ஆள் போடுவது அவர் கையில் இல்லை, பாதி நேரம் அவரும் ஆளுக்காகக் காத்திருப்பவர்தான். போதாததற்கு, காகிதத்தில் ஆள் இருக்கும். ஒருவர் மாற்றுப்பணியில் வேறு ஊரில் இருப்பார், ஒருவர் நீண்ட விடுப்பில், இன்னொருவர் உதவித்தொகைப் பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். அதனால் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு உங்கள் பிள்ளை அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு பையன் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டான். பாட்டில் காலையில் வந்தபடியே மாலையில் திரும்பிப் போகும். வெயிலால் சோர்வு என்று நாங்கள் நினைத்தோம். அவன் அம்மாதான் கண்டுபிடித்தார்: கழிவறைக்குக் கூட்டிப்போக ஆயா இல்லாததால், ஒருமுறை ஈரக் கால்சட்டையோடு மாலைவரை உட்கார்ந்திருக்கிறான். அதன்பிறகு தண்ணீரைத் தொடவில்லை. ஆசிரியர் விகிதம் அந்த வருடம் சரியாகத்தான் இருந்தது. பற்றாக்குறையை எண்ணும்போது எல்லோரும் டீச்சரை எண்ணுகிறார்கள், ஆயாவை எண்ணுவதில்லை. மனு எழுதினால் ஆயா பணியிடத்தை முதல் வரியில் எழுதுங்கள்.

அப்புறம், மகன் என்னென்ன கற்க வேண்டும் என்று அவனுக்கென்றே பள்ளி எழுதிவைக்கும் தனிநபர் கல்வித் திட்ட நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஜூனில் "நிறங்களை அடையாளம் காண்பான்" என்றும், ஜனவரியில் அதே கையெழுத்தில் அதே வரியும் இருந்தால், அதை போட்டோ எடுத்து வையுங்கள். பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை தடவை என்று எழுதியிருக்கிறதோ, அதற்கு எதிரே எத்தனை தடவை நடந்தது என்று ஒரு காலண்டரில் குறியுங்கள். "சரியாகக் கவனிப்பதில்லை" என்ற மனுவை ஒரு பதிலில் முடித்துவிடுவார்கள். "ஜூலை, ஆகஸ்டில் ஒரு நாளும் பயிற்சி இல்லை" என்பதை அப்படி முடிக்க முடியாது.

மனு யாருக்கு? தமிழ்நாட்டில் அரசு சிறப்புப் பள்ளிகள் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ் வருகின்றன. முதன்மைக் கல்வி அலுவலரிடம் போனால் திருப்பி அனுப்புவார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுத்துவிட்டு, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்று: அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்டது, காலி, மாற்றுப்பணியில் இருப்பவர் என்று பதவிவாரியாக ஒரு பட்டியல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். சிறப்பாசிரியர்களின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணையும் சேர்த்துக் கேட்கலாம்.

அப்படியும் அசையவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். அவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் துறை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

ரெட்டிச்சாவடி பக்கம் வீடு, பிள்ளை படிப்பது புதுச்சேரி எல்லைக்குள் என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பள்ளி எங்கே இருக்கிறதோ அந்த அரசிடம்தான் மனு. தகவல் உரிமை மனுவுக்குச் சரியான பதில் வராவிட்டால் கடைசியாகப் போகும் இரண்டாம் மேல்முறையீடும் மாறும். கடலூருக்குச் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம், புதுச்சேரிக்கு டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையம்.