டிலே முதலா, ரிவெர்ப் முதலா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கிட்டார் வாசிப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டிலே (வாசித்ததைச் சற்றுத் தள்ளித் திரும்ப ஒலிக்கும் எக்கோ), ரிவெர்ப் (பெரிய மண்டபத்தில் போல நீளும் முழக்கம்) பற்றித்தான். கார்டு, ஸ்கேல் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிட்டார் ஒலிக்கு எஃபெக்ட் சேர்க்கும் டிஜிட்டல் ப்ராசஸர் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். டிலேயை முதலில் போட்டு, அதற்குப் பின்னால் ரிவெர்ப் போடச் சொல்கிறார் என் மாஸ்டர். எங்கள் ட்ரூப்பில் கீபோர்டு வாசிக்கும் அண்ணனோ, திருப்பிப் போட்டால்தான் சவுண்ட் பெரிதாக வரும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மெஷினில் லூப்பர் இருந்தால் அதை, எஃபெக்ட்கள் வரிசையாக நிற்கும் செயினின் தலையில், எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். உள்ளங்கையால் தந்தியை அமுக்கி ஒரே ஒரு ‘டக்’ அடித்துப் பதிவு செய்து, அது தானாகத் திரும்பத் திரும்ப ஓடட்டும். சாதாரண டிஜிட்டல் டிலே ஒன்று, மாடுலேஷனை (ஒலியை லேசாக ஆடவிடும் செட்டிங்) பூஜ்யத்தில் வைத்த மோனோ (இடம், வலம் பிரியாத) ரிவெர்ப் ஒன்று, இவை இரண்டு மட்டும் போதும். இப்போது அவற்றை இடம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியாது. தெரியவும் கூடாது, ஏனென்றால் அங்கே வித்தியாசமே இல்லை.

காரணம் இதுதான். தொடராக வைத்தால், எது முன்னால் இருந்தாலும், வெளியே நான்கு சங்கதிகள் வருகின்றன: நீங்கள் அடித்த நோட், அதன் எக்கோ, நோட்டின் ரிவெர்ப், எக்கோவின் ரிவெர்ப். திருப்பிப் போட்டால் நான்காவது ‘ரிவெர்பின் எக்கோ’ ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் அரை வினாடி தள்ளி வந்த எக்கோவுக்கு ரிவெர்ப் போட்டாலும், ரிவெர்பை அரை வினாடி தள்ளி ஒலிக்கவிட்டாலும் காதுக்கு வந்து சேர்வது அதே ஒலி. மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் பதினைந்துதானே.

அப்படியானால் இத்தனை வருடமாக ஏன் சண்டை? நாம் வாங்கும் டிலேக்கள் அவ்வளவு சாதுவாக இல்லை என்பதால்தான். டேப் எக்கோ, அனலாக் டிலே மாடல்களில் ஒலி லேசாக உடையும், சுருதி கொஞ்சம் ஆடும். அதற்குள் ரிவெர்பை ஊற்றினால் அதன் வால், அதாவது அடங்கும் வரை நீளும் ஒலி, முழுவதும் உடைந்து, ஆடி, மேகம் மாதிரி ஆகிவிடும். ஆம்பியன்ட் என்னும் மிதக்கும் சூழல் இசை வாசிக்கிறவர்கள் தேடி அலைவது அதைத்தான். உங்கள் கீபோர்டு அண்ணன் கேட்ட ‘பெரிய’ சவுண்டும் அநேகமாக இந்த வகையாகத்தான் இருக்கும்.

ஸ்டீரியோ இன்னொரு விஷயம். இடமும் வலமுமாகத் துள்ளும் பிங்-பாங் டிலேக்குப் பின்னால், உள்ளே வருவதை மோனோவாக்கிக்கொள்ளும் ரிவெர்ப் வந்தால், எக்கோ ஓரங்களில் துள்ளும், அதன் ரிவெர்ப் மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கும். திருப்பிப் போட்டால் ரிவெர்பும் சேர்ந்து துள்ளும்.

டக்கிங் டிலே வைத்திருப்பவர்களுக்கு வரிசை ரொம்பவே முக்கியம். நீங்கள் வாசிக்கும்போது எக்கோவை அமுக்கி, கையை எடுத்ததும் மேலே விடுகிற டிலே அது. 1985-ல் வந்த டிசி 2290 என்ற ரேக் மெஷின் இதற்குப் பெயர் போனது. அதற்கு முன்னால் நீளமான ரிவெர்ப் இருந்தால், நீங்கள் கையை எடுத்த பிறகும் ரிவெர்ப் வால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இன்னும் வாசிக்கிறார் என்று நினைத்து டிலே எக்கோவை அடக்கியே வைத்திருக்கும். ஆகவே டக்கிங் என்றால் டிலேதான் முதலில், பேச்சே இல்லை.

உங்கள் மாஸ்டர் சொல்வது பழைய ஆம்ப் காலத்துப் பழக்கம். 1963-ல் ஃபெண்டர் கம்பெனிக்காரர்கள் வைப்ரோவெர்ப் என்று ஸ்ப்ரிங் ரிவெர்பை உள்ளேயே வைத்து ஓர் ஆம்ப் விட்டார்கள். அந்த மாதிரி ஆம்பில் எக்கோ மெஷினை எங்கே செருகுவது? முன்னால்தான், வேறு வழியில்லை. அதனால் டிலே முதல், ரிவெர்ப் பிறகு. அந்தச் சத்தத்தைக் கேட்டே காதுகள் பழகிவிட்டன. மாஸ்டர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. ஆனால் வரிசையை மாற்றிப் பார்க்கச் செலவிடும் நேரத்தில் பாதியை, எஃபெக்ட் எவ்வளவு கலக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மிக்ஸ் குமிழுக்குக் கொடுங்கள். அது ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: மெதுவான பாட்டுகளில் என் பேட்ச் (மெஷினில் சேமித்த சவுண்ட் செட்டிங்) அருமையாக இருக்கிறது. சோலோவில் கொஞ்சம் வேகம் எடுத்தால் எல்லாம் சேறாகிவிடுகிறது. டிலே, ரிவெர்ப் இரண்டின் மிக்ஸையும் பாதியில் வைத்திருக்கிறேன். இடம் மாற்றியும் பார்த்துவிட்டேன்.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இடம் மாற்றினால் ஏன் தீரவில்லை என்பது மேலே வந்துவிட்டது. இப்போது பாதிக்குப் பாதி என்பதைக் கணக்குப் போடுவோம். மெஷினுக்கு மெஷின் குமிழ் நடந்துகொள்ளும் விதம் சற்று மாறும் என்றாலும், தோராயமாக 50, 50 என்றால் அந்த நான்கு சங்கதிகளுக்கும் தலைக்கு 25 சதவீதம். அதாவது நீங்கள் கஷ்டப்பட்டு வாசிக்கும் நோட் வெறும் கால் பங்கு. அதே அளவு சத்தத்தில் எக்கோவின் ரிவெர்பும் நிற்கிறது. பிறகு சேறாகாமல் என்ன செய்யும்? இரண்டையும் 30-க்கு இறக்கிப் பாருங்கள். நோட் 49, எக்கோ 21, ரிவெர்ப் 21, எக்கோவின் ரிவெர்ப் வெறும் 9. உங்களைத் தொல்லை செய்வது அந்தக் கடைசி ஆள்தான். குமிழைக் கொஞ்சம் குறைத்தாலே அவர் ரொம்பவும் சுருங்கிவிடுகிறார். பலருக்கு இதுவே போதும்.

இல்லை, எக்கோ சத்தமாகவே வேண்டும், ரிவெர்பும் வேண்டும், சேறு மட்டும் வேண்டாம் என்றால் இணையாகத்தான் போக வேண்டும். மெஷினில் ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி போல ஒலிக்கவைக்கும் ஆம்ப், கேபினெட் ப்ளாக்குக்குப் பிறகு பாதையை இரண்டாகப் பிரியுங்கள். மேல் பாதையில் டிலே, கீழ்ப் பாதையில் ரிவெர்ப், முடிவில் இரண்டும் சேரட்டும். எக்கோ ரிவெர்ப் பக்கமே போகாததால் அந்த நான்காவது ஆள் அடியோடு காலி.

இங்கே எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கீழ்ப் பாதையில் ரிவெர்ப் மிக்ஸை 100-ல் வையுங்கள். அதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ, பாதைகள் சேரும் இடத்தில் உள்ள லெவலைத் தொடுங்கள், மிக்ஸைத் தொடாதீர்கள். நேரடி நோட் டிலே பாதை வழியாக மட்டும் வர வேண்டும். இரண்டு பாதையிலும் வந்தால் இரண்டு மடங்காகி 6 டெசிபல் ஏறிவிடும், எஃபெக்ட் எல்லாம் திடீரென்று ஒல்லியாகிவிட்ட மாதிரி தோன்றும். ‘பேரலல் போட்டேன், சத்தம் மட்டும்தான் கூடியது’ என்று சொல்பவர்களின் மெஷினைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான்.

பாதை பிரிக்க முடியாத சின்ன மெஷினா? மிக்ஸைக் குறையுங்கள். ரிவெர்பில் கீச்சான மேல் ஒலிகளை வெட்டும் ஹை கட் இருந்தால் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறக்குங்கள், எக்கோவின் முனை மழுங்காமல் தெரியும்.

கேள்வி: யூ2 ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் எட்ஜ் மாதிரி எக்கோவே தாளம் போட வேண்டும். 96 டெம்போவுக்கு டிலே எத்தனை மில்லிசெகண்ட்?
— வாசகி, திருச்சி

பதில்: டெம்போ என்பது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பது. ஒரு நிமிடத்தின் 60,000 மில்லிசெகண்டை டெம்போவால் வகுத்தால் ஒரு பீட். 60,000 / 96 = 625. அவர் பாணிக்கு முக்கால் பீட் வேண்டும், டாட்டட் எய்ட்த் என்பார்கள். 625-ல் முக்கால் ஏறத்தாழ 469. வலது கை நின்று நிதானமாக எய்ட்த் நோட் (அரை பீட்) மட்டும் அடிக்கட்டும், நடுவில் விழும் சிக்ஸ்டீன்த்களை (கால் பீட்) மெஷின் நிரப்பும். இந்த வேலைக்கு எக்கோ கிட்டத்தட்ட நோட் அளவுக்கே சத்தமாக இருக்க வேண்டும். அதனால் ரிவெர்பை அநேகமாக மூடிவிடுங்கள், இல்லையென்றால் கோவை வாசகரின் கதைதான். கிளிக் (காதில் ஓடும் தாளச் சத்தம்) இல்லாமல் டிரம்மர் வாசிக்கும் மேடையில் இந்த எண்ணை நம்ப வேண்டாம். டாப் டெம்போவைக் காலால் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிலேயை டிஸ்டார்ஷனுக்கு (ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) முன்னால் வைக்கலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: வைக்கலாம். எக்கோவும் அடுத்த நோட்டும் ஒன்றாக நசுங்கி வரும். சின்னதாகிப் போக வேண்டிய எக்கோவையும் டிஸ்டார்ஷன் தூக்கிவிடும். அழுக்கான சத்தம் பிடிக்கும் என்றால் தாராளமாக. எனக்குப் பிடிக்காது.

கேள்வி: வீட்டில் ஹெட்போனில் பிரமாதமாக இருக்கும் பிங்-பாங் டிலே, கல்யாண மண்டபக் கச்சேரியில் பாதிதான் கேட்கிறது. மெஷினிலிருந்து இரண்டு கேபிளும் கொடுக்கிறேன்.
— மெல்லிசைக் கலைஞர், விருதுநகர்

பதில்: நீங்கள் இரண்டு கொடுக்கிறீர்கள் சார், மைக்செட்காரர் எத்தனையை எடுத்துக்கொள்கிறார்? சேனல் போதவில்லை என்று ஒன்றைச் செருகி மற்றதைச் சும்மா விட்டிருப்பார். வலப்பக்கம் துள்ளும் எக்கோ எல்லாம் அந்தச் செருகாத கேபிளோடு போச்சு. கேட்டுப் பாருங்கள். ஒரு சேனல்தான் என்றால் வலது ஜாக்கில் எதுவும் செருகாமல், ‘எல்/மோனோ’ என்று எழுதிய ஜாக்கிலிருந்து மட்டும் கொடுங்கள். பெரும்பாலான மெஷின்கள் அப்போது இரண்டையும் தாமே கூட்டிக் கொடுத்துவிடும். செட்டிங்ஸில் மோனோ அவுட்புட் என்று இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

அப்புறம், டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் மண்டபம் தன் பங்குக்கு ஏகப்பட்ட ரிவெர்ப் போடும். ஆள் நிரம்பினால் கொஞ்சம் அடங்கும். சவுண்ட் செக்கில் ஒரு தரம் கைதட்டிப் பாருங்கள். சத்தம் சுழன்றுகொண்டே இருந்தால் மெஷினில் ரிவெர்பை அணைத்துவிட்டு டிலேயை மட்டும் வைத்து வாசியுங்கள்.

கேள்வி: பேட்ச் மாற்றும்போது எக்கோ வால் பட்டென்று அறுந்துவிடுகிறது. மெஷின் கோளாறா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: கோளாறு இல்லை. புது பேட்சை ஏற்ற, பழைய டிலேயை மெஷின் அழித்துவிடுகிறது. ஒரு பாட்டுக்கு வேண்டியதை எல்லாம் ஒரே பேட்ச்சுக்குள் அடுக்கி, ஸ்னாப்ஷாட் அல்லது சீன் (ஒரே பேட்ச்சுக்குள் சேமிக்கும் வேறு வேறு செட்டிங்) வழியாக மாற்றுங்கள். டிலே, ரிவெர்ப் ப்ளாக்குகளில் வாலை அறுக்காமல் தானாக அடங்க விடும் ‘ட்ரெயில்ஸ்’ ஆனில் இருக்கட்டும்.