மெமோவுக்குப் பதில் எழுதுங்கள், ராஜினாமா எழுதாதீர்கள்

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 9 ஆண்டுகளாக ஆபரேட்டராக இருக்கிறேன். புதிய சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் ஒருமையில் திட்டுகிறார். ஒரு நாள் நானும் பதிலுக்குப் பேசிவிட்டேன், மறுநாளே மெமோ வந்துவிட்டது. ராஜினாமா எழுதித் தந்தால் கணக்கை முடித்துத் தருவதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள். வெளியாள் ஒருவர் 20,000 ரூபாய் கேட்கிறார், வழக்குப் போட்டுப் பெரிய தொகை வாங்கித் தருவாராம். சென்ற ஆண்டு என் பதவிப் பெயரை 'டீம் லீடர்' என்று மாற்றினார்கள், சம்பளம் 26,000. நான் என்ன செய்வது?

பதில்: ராஜினாமாவில் கையெழுத்திடாதீர்கள். அதை எழுதிக் கொடுத்தபின் 'மிரட்டி வாங்கினார்கள்' என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். மெமோவுக்கு, அதில் குறித்த கெடுவுக்குள், நடந்ததை மட்டும் சுருக்கமாக எழுதி, நகல் ஒன்றில் ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 'ஒரு மன்னிப்புக் கடிதம் கொடு, விஷயம் முடிந்துவிடும்' என்பார்கள். அந்தக் கடிதமே பின்னால் குற்ற ஒப்புதலாக விசாரணைக் கோப்பில் ஏறும்.

சூப்பர்வைசர் திட்டுவதைத் தனி மனுவாக எழுதுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு இருக்கவேண்டும்; அதில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள் உண்டு. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனுக் கொடுக்கலாம், குழு 30 நாளில் முடிக்கவேண்டும். தீராவிட்டால் 60 நாளுக்குள், நீங்கள் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் மூலம், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம். பல ஆலைகளில் இந்தக் குழு அறிவிப்புப் பலகையில் மட்டுமே உயிரோடு இருக்கிறது என்பதும், சமரசப் பேச்சுக்கு நிர்வாகம் எந்த முடிவும் எடுக்க அதிகாரமில்லாத ஒருவரை அனுப்பி வாய்தா வாங்கியே மாதங்களைக் கடத்தும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் மனுவின் தேதி உங்கள் பக்கம் நிற்கும்.

அந்த வெளியாளைப் பற்றி. சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். இத்தகைய தரகர்கள் முதலில் கேட்பது வெற்றுத்தாளில் கையெழுத்து. என்னிடம் வந்த ஒரு தொழிலாளியின் வெற்றுத்தாள், நிர்வாகத்துடன் ஏற்கெனவே 'முழுத் தீர்வு' கண்டுவிட்டதாக ஒரு கடிதமாக மாறியிருந்தது; தரகர் இரு பக்கமும் பணம் வாங்கியிருந்தார். உதவி வேண்டுமானால் ஆலையின் தொழிற்சங்கத்தை அணுகுங்கள். வசதியில்லாதவர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்துக்குச் செல்லலாம்.

இனி 'டீம் லீடர்' பட்டம், இதில்தான் நிர்வாகம் பிடி போடும். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் சட்டப்படி 'தொழிலாளி' அல்ல, ஆகவே மேலே சொன்ன வழிகள் உங்களுக்குத் திறக்காது என்று வாதிடுவார்கள். ஆனால் பதவிப் பெயரைவிட, நீங்கள் முக்கியமாகச் செய்யும் வேலை எது என்பதையே நீதிமன்றம் பார்க்கும். பிறருக்கு விடுப்பு வழங்க, மெமோ கொடுக்க, வேலையைப் பிரித்துத் தர உங்களுக்கு அதிகாரம் உண்டா? அல்லது முன்போலவே ஷிப்ட் முழுதும் இயந்திரத்தில் நிற்கிறீர்களா? பின்னது என்றால், சம்பளம் 26,000 ஆனாலும் நீங்கள் தொழிலாளிதான். உங்கள் கையெழுத்துள்ள தினசரி உற்பத்திப் பதிவுகள் எங்கே இருக்கின்றன, எந்த இயந்திரத்தில் எந்தெந்த ஷிப்டில் நின்றீர்கள், யாரெல்லாம் உடனிருந்தார்கள் என்பதைத் தேதிவாரியாக இன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாயிலில் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டபின் அந்தப் பதிவேடுகளை உங்களால் தொடக்கூட முடியாது.