சூப்பர்வைசர் ஜோக்குக்கு எல்லாரும்தான் சிரிப்பார்கள்

கேள்வி:

மேடம், மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் நவீன அரிசி ஆலையில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எடை போடுகிற இடத்தில் சேர்ந்தவன், இந்தச் சித்திரையில் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனேன். எனக்குக் கீழே 22 பேர். நான் எப்போதும் கேலியும் கிண்டலுமாக இருப்பவன். என் கூட வேலை பார்த்தால் அலுப்பே தெரியாது என்பார்கள். போன மாதம் டிரையர் பார்க்கிற அண்ணன் ராத்திரி கண் அசந்துவிட்டார். நெல் அளவுக்கு மீறிக் காய்ந்து, அரைத்தபோது ஏகப்பட்ட குருணை. திட்டினால் மனசு நோகுமே என்று, மறுநாள் "வாங்க குருணை மாஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது வேறு ஷிப்டுக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறார். "சூப்பர்வைசர்னா கொஞ்சம் விறைப்பா இருக்கணும்ப்பா" என்கிறார் முதலாளி. நான் தமாஷ் பேசுவதையே விட்டுவிடணுமா? ஆயுத பூஜைக்கு ஷிப்ட் சார்பில் என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதிலும் சிரிக்கவைக்கக் கூடாதா?

பதில்:

விட வேண்டாம். அவித்த நெல்லின் ஆவியும் தவிட்டுத் தூசும் மெஷின் சத்தமுமாக ஒரு ஷிப்ட் முழுக்க நிற்கிறவர்களுக்குச் சிரிப்பும் இல்லை என்றால் என்னதான் இருக்கிறது? ஆனால் நீங்கள் இதுவரை அடித்த ஜோக்குகளில் பாதி இனிமேல் உங்களுக்கு ஆகாது.

"அவரும் சிரித்தார்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த இரண்டு வார்த்தைதான். அவர் வேறு என்ன செய்திருக்க முடியும், யோசித்துப் பாருங்கள். சுற்றி இருபது பேர் பார்க்கிறார்கள். பேசுகிறவர் நாளைக்கு லீவு கேட்டால் கொடுக்க வேண்டிய ஆள். தப்பு தன் பேரில் இருக்கிறது. முகத்தைச் சுளித்தால் "என்ன அண்ணே, விளையாட்டுக்குக்கூட ஒண்ணு சொல்லக் கூடாதா" என்று இன்னொரு சுற்றுக் கேலி. அவர் சிரித்துவிட்டுப் போனது அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு. உங்கள் ஜோக்குக்குக் கொடுத்த மார்க்காக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதே "குருணை மாஸ்டர்" பங்குனி மாதம் டீக்கடையில் வந்திருந்தால் கதையே வேறு. "நீ எடை போட்ட லட்சணம் தெரியாதா?" என்று அவர் ஒன்று திருப்பி விட்டிருப்பார், கணக்கு நேராகியிருக்கும். நம்ம ஊர்க் குசும்பின் இலக்கணமே அதுதான்: வாங்கினவன் திருப்பிக் கொடுப்பான். சித்திரையிலிருந்து அவரால் உங்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. நீங்கள் மாறவில்லை, ஜோக்கும் மாறவில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கலில் வாங்கல் நின்றுபோனது.

இதை நானும் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். தஞ்சாவூரில் ஒரு நிறுவனத்தின் கிளைக்கு மேலாளராக இருந்தபோது, ஊழியர்களுக்கு வர வேண்டிய ஊக்கத்தொகை தலைமையகத்தில் மாதக்கணக்காக நிற்கும். யாராவது கேட்டால், "கடைமடைக்குத் தண்ணி வர்ற மாதிரிதான்யா. மேட்டூர்ல திறந்தாச்சு, கல்லணை தாண்டியாச்சு, வந்துக்கிட்டே இருக்கு" என்பேன். கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். எனக்கு அதில் ஏகப் பெருமை, மூன்று வருஷம் அதையே சொன்னேன். பணி ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் புதுப் பேருந்து நிலையத்தில் பழைய கிளார்க் ஒருவரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அதே கடைமடையை எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. "அந்தக் காசுலதான் மேடம் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்னு அப்ப இருந்தோம்" என்றார், கோபமில்லாமல். எனக்குச் சம்பளம் ஒரு நாளும் தவறியதில்லை. அவர்களுடைய பாக்கியை வைத்து நான் பெயர் வாங்கியிருக்கிறேன்.

நீங்களும் நானும் மட்டும் செய்கிற தப்பு இல்லை இது. 2024-ல் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தலைவர் அடிக்கடி ஜோக் அடிக்க அடிக்க, கீழே இருப்பவர்கள் வராத சிரிப்பை வரவழைத்துச் சிரிக்கிறார்கள், அதிலேயே சோர்ந்துபோகிறார்கள், வேலையில் திருப்தியும் குறைகிறது என்பது அதன் சாரம். மேலே இருப்பவருக்கு அடங்கிப் போவதுதான் முறை என்று நினைப்பவர்களிடம் இது இன்னும் அதிகமாம். முதலாளி வந்தால் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்குகிற ஊர் நம்முடையது. இங்கே எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் தெரிகிற உணர்ச்சிகளில், நகைக்குத்தான், சிரிப்புக்குத்தான், முதல் இடம். அது பிறப்பதற்கு நான்கு காரணங்களும் அங்கே உண்டு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அடுத்தவரை இளக்காரம் செய்வது எள்ளல். மற்ற மூன்றும் ஏறக்குறைய குழந்தைத்தனம், தெரியாத்தனம், ஏமாளித்தனம். என் கணக்கு சுலபம். சூப்பர்வைசர் ஆனதும் எள்ளலை மூட்டை கட்டிவிடுங்கள். பேதைமை உங்களுடையதாக இருக்கட்டும்.

சரி, முதல் வேலை அந்த அண்ணனிடம் பேசுவது. ஷிப்ட் மாறுகிற நேரத்தில், தனியாக, கையில் டீயோடு. இதில் ஜோக் வேண்டாம். "அண்ணே, நான் அப்படிப் பேர் வெச்சுக் கூப்பிட்டது தப்பு. இனிமே கூப்பிட மாட்டேன், மத்தவங்களையும் கூப்பிட விடமாட்டேன்" என்றால் போதும். "சும்மா தமாஷுக்குத்தானே சொன்னேன்" என்று வாலை ஒட்டாதீர்கள். அதைச் சேர்த்தால் தப்பு திரும்ப அவர் தலைக்குப் போய்விடும், தமாஷ் தெரியாத ஆள் என்று. அவர் "அதெல்லாம் ஒண்ணும் இல்லை தம்பி" என்பார். ஒன்றும் இல்லாமலா ஷிப்ட் மாற்றக் கேட்டார்? அதையும் அவரிடம் கேட்காதீர்கள். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் மாறட்டும், நீங்கள் குறுக்கே நிற்க வேண்டாம்.

பெயரை நிறுத்துவது கொஞ்ச நாள் பிடிக்கும். யாராவது "குருணை" என்றால் நீங்கள் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நொடி விட்டு, அவர் பெயரைச் சொல்லி வேலை விஷயம் பேசுங்கள். நீங்கள் சிரிக்காத ஜோக்குக்கு ஷிப்டில் ஆயுசு ஒரு வாரம் வராது.

இன்னொன்று. அன்று ராத்திரி நடந்த தப்பை நீங்கள் இன்னும் பேசவே இல்லை என்று நினைக்கிறேன். திட்டத் தயங்குகிறவர்கள் கிண்டலுக்குள் ஒளிந்துகொள்வது எல்லா ஆபீஸிலும் உண்டு. அவித்த நெல்லை 14 சதவீத ஈரப்பதம் வாக்கில் இறக்க வேண்டும். ஒரே மூச்சில் சூட்டைக் கொடுத்தால் அரிசிக்குள் கீறல் விழுந்து, அரைக்கும்போது உடையும். நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி டிரையரில் ஒரே ஆள் விடிய விடிய நிற்க முடியுமா, ஈரப்பதம் பார்க்க ஒரு மணிக்கு ஒருமுறை யாரையாவது எழுப்பிவிடலாமா என்று அவரிடமே கேளுங்கள். "குருணை மாஸ்டர்" என்றதால் ஒரு கிலோ குருணைகூடக் குறைந்திருக்காது.

அப்புறம், எதை வைத்துச் சிரிப்பது? மழையை, கரண்டை, வராத லாரியை, சரியாக முதலாளி உள்ளே நுழையும்போது நூல் அறுகிற சாக்குத் தைக்கும் மெஷினை. உங்களையும் வைத்துச் சிரிக்கலாம், எட்டு வருஷத்தில் எடை மேடையில் ஒரு கூத்தாவது அடித்திருப்பீர்களே. மூட்டையை இறக்காமலே லாரியை வெளியே அனுப்பியது மாதிரி ஏதாவது. அதிலும் ஓர் எல்லை உண்டு. பழைய தப்பு, இப்போது சரியாகிவிட்ட தப்பாக இருக்கட்டும். "இந்த பாய்லர் மீட்டர் எனக்குச் சுத்தமா புரியாது" என்று சூப்பர்வைசர் சொன்னால் அது தமாஷ் ஆகாது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும்.

இடம் பார்ப்பதும் முக்கியம். மெஷின் ஓடும்போது ஜோக்கே வேண்டாம். அந்த இரைச்சலில் எதிரே நிற்பவருக்குப் பாதி வாக்கியம்தான் கேட்கும். தள்ளி நிற்கிறவருக்கு அதுவும் கேட்காது, இரண்டு பேர் தன்னைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் தெரியும். வாட்ஸ்அப் குரூப் அதைவிட மோசம். டீக்கடையில் சொன்னது காற்றோடு போய்விடும், குரூப்பில் போட்டது ஸ்க்ரீன்ஷாட்டாக மூன்று ஊர் சுற்றிவிட்டு அவர் மச்சான் போனில் வந்து நிற்கும். சம்பளம் கொடுக்கிற நாள், யாருக்காவது அடிபட்ட நாள், சரக்கு திரும்பி வந்த நாள், இந்த மூன்றிலும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

சில விஷயங்களில் இங்கிதத்தோடு சட்டமும் இருக்கிறது. சாதியை வைத்துக் கேலி, நம் பக்கத்தில் இதைச் "சும்மா உரிமையில பேசுறது" என்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினத்தைச் சேர்ந்தவரைப் பொதுப் பார்வையில் சாதிப் பெயரால் ஏசுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது காப்பாற்றிவிடும் என்று நம்பாதீர்கள். பேக்கிங்கில் பெண்கள் இருக்கிறார்களா? பாலியல் சாயம் பூசிய பேச்சு, அது ஜோக்காகவே இருந்தாலும், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். உங்கள் ஆலையில் இருக்கிறதா என்று முதலாளியைக் கேளுங்கள். இல்லை என்றால் விறைப்பை அவர் முதலில் அங்கே காட்டட்டும். மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் பார்க்க வேண்டுமென்றே அவமதித்தால், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனையே ஆறு மாதச் சிறை. நொண்டி, செவிடு என்ற பட்டப் பெயர்கள் இல்லாத ஆலையை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகம் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லை. ராஜா வருவதற்கு வெகு முன்னாலேயே கோணங்கி மேடைக்கு வந்துவிடுவார், கூட்டத்தைச் சிரிக்கவைத்து ஒழுங்குபடுத்துகிற வேலை அவருடையது. தெருக்கூத்துக் கட்டியங்காரனும் அப்படித்தான், ராஜாவையே கலாய்ப்பான், ராஜா பொறுத்துக்கொள்வார். நம் கூத்துகளில் கிரீடம் வைத்தவர் கோமாளி வேலையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. உங்கள் ஷிப்டிலும் ஒரு கோணங்கி இருப்பார், லோடுமேன்களில் தேடுங்கள். இத்தனை நாள் அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்ததால் அவர் வாய் திறந்திருக்க மாட்டார்.

கடைசியாக யார், எப்போது உங்கள் முகத்துக்கு நேரே உங்களைக் கிண்டல் செய்தார்கள் என்று யோசியுங்கள். சித்திரைக்குப் பிறகு ஒருவர்கூட இல்லை என்றால், உங்கள் ஷிப்ட் ஏற்கெனவே முதலாளி கேட்ட அளவுக்கு விறைத்துத்தான் கிடக்கிறது. யாராவது துணிந்து ஒன்று விட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். பதிலுக்கு அவரைவிடப் பெரிய ஜோக் அடிக்க நாக்கு துடிக்கும், எனக்கும் துடித்திருக்கிறது. அடக்கிக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைப் பேச்சுக்கு மூன்று நிமிஷம் தாராளம். குறுவை நெல் வந்து குவிகிற சமயம், எல்லாரும் களைத்திருப்பார்கள், சுண்டலும் பொரியும் வேறு காத்திருக்கும். உங்கள் எடை மேடைக் கூத்தில் ஆரம்பியுங்கள். பிறகு நாலைந்து பேரைப் பெயர் சொல்லி, அவரவர் செய்த ஒரு வேலையைக் குறிப்பிடுங்கள். டிரையர் அண்ணனைச் சொல்லலாமா என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நடுவில் பின்வரிசையிலிருந்து யாராவது ஒரு கமெண்ட் அடித்து, உங்களுக்குக் கிடைக்காத சிரிப்பு அவருக்குக் கிடைத்தால், மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்காருங்கள்.