மகளின் தொண்டுப் பணியிடத்துக்குப் புறப்படும் முன்

கேள்வி: உகண்டாவின் கிராமப் பாடசாலை ஒன்றில் தொண்டராகக் கற்பிக்கும் என் மகளைச் சென்று பார்க்க விரும்புகிறேன். எனக்கு வயது 63. எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு தந்தை, வெள்ளவத்தை

பதில்: முதலில் உங்கள் உடல்நலம். உகண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் அவசியம். ஊசி ஏற்றி 10 நாட்களின் பின்னரே அது செல்லுபடியாகும் என்பதாலும், 60 வயதைக் கடந்தவர்களுக்கு அத்தடுப்பூசியால் அரிதாகக் கடும் பக்கவிளைவுகள் ஏற்படக்கூடும் என்பதாலும், பயணச்சீட்டை உறுதிசெய்வதற்கு முன்பே பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குச் சென்று, உங்கள் நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் வைத்தியரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டதால் நாம் அந்நோயை ஏறக்குறைய மறந்துவிட்டோம். உகண்டாவில் அது இன்னும் உயிர் பறிக்கிறது. நாரஹேன்பிட்டியிலுள்ள மலேரியா ஒழிப்பு இயக்கத்திடம் தடுப்பு மாத்திரைகளைக் கேட்டுப் பெற்று, நாடு திரும்பிய பின்னரும் அவர்கள் கூறும் நாள்வரை தவறாது உட்கொள்ளுங்கள்.

செல்லும் நாளை மகளே தீர்மானிக்கட்டும், ஏனெனில் தவணைக் காலத்தில் அவளுடைய நேரம் மாணவர்களுக்குரியது. அவள் இளைத்துப் போயிருப்பதைக் கண்டு மனம் பதறும். ஆயினும், “போதும், வீட்டுக்கு வா” என்று அவசரப்பட்டு அழைத்துவிடாதீர்கள், ஐயா. வகுப்பறையின் பின்வரிசையில் ஒருநாள் அமர்ந்து அவள் கற்பிப்பதைப் பாருங்கள். அவளுக்கு இடமளித்திருக்கும் வீட்டாருக்குப் பனங்கட்டி கொண்டு செல்வதாயின், உணவுப் பொருட்களுக்கான சுங்க விதிகளை முன்கூட்டியே விசாரியுங்கள்.