தொடக்கநூல் ஏன் பாதியில் நிற்கிறது? – கடிதம்

வணக்கம் ஐயா,

பெரியப்பா வைத்திருந்த பழைய லத்தீன் பிரேவியரியில் (கத்தோலிக்கக் குருக்களின் அன்றாட மன்றாட்டு நூல்) பிப்ரவரியிலிருந்து மேட்டின்ஸ் என்னும் இரவு மன்றாட்டின் வாசகங்களைப் படித்து வருகிறேன். விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆபிரகாம் ஊரைவிட்டுக் கிளம்பியதும், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனோடு நின்றுவிட்டது. அப்புறம் ஞாயிறுகளில் மட்டும் தலைகாட்டியது. இப்போது ஆகஸ்ட் பிறந்ததும் திடீரென்று நீதிமொழிகள். இதில் ஏதாவது ஒழுங்கு உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உண்டு. இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால்தான் குழப்பம். உயிர்ப்புக்கு ஒன்பது வாரம் முன்பு வரும் செப்துவாஜெசிமா ஞாயிறு முதல், உயிர்ப்புக்கு ஏழு வாரம் பின்பு வரும் பெந்தகோஸ்து வரை எல்லாம் உயிர்ப்பு ஞாயிறைப் பிடித்துத் தொங்குகிறது: தொடக்கநூல், பாடுகளின் ஞாயிறிலிருந்து (உயிர்ப்புக்கு இரண்டு வாரம் முன்பு) எரேமியா, உயிர்ப்புக்குப் பின் திருத்தூதர் பணிகளும் திருவெளிப்பாடும். ஆகஸ்டிலிருந்து மாதக் கணக்கு: ஆகஸ்டில் நீதிமொழிகள் முதலான ஞான நூல்கள், செப்டம்பரில் யோபு, தோபித்து, யூதித்து, எஸ்தர், அக்டோபரில் மக்கபேயர், நவம்பரில் எசேக்கியேல், தானியேல், சிறு இறைவாக்கினர். பெந்தகோஸ்துக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட சாமுவேலும் அரசர்களும் உயிர்ப்பு தள்ளிப்போனால் குறுகிவிடும். ஜனவரி 6 திருக்காட்சி விழாவுக்குப் பின் வரும் பவுலின் கடிதங்களுக்கோ உயிர்ப்பு முந்தி வந்தால் இதே கதிதான். 2025இல் அவற்றுக்கு 5 வாரம் கிடைத்தது. 2024இல் செப்துவாஜெசிமா ஜனவரி 28க்கே வந்துவிட்டதால் 3 வாரம்தான்.

தொடக்கநூல் நிற்பதற்குக் காரணம் வேறு. தவக்கால வாரநாள்களில் அன்றைய நற்செய்திக்குத் திருச்சபைத் தந்தையர் எழுதிய விளக்கமே மூன்று வாசகங்களையும் எடுத்துக்கொள்கிறது. ஞாயிறுகளில் மட்டும் கதை தாவிச் செல்லும்: இரண்டாம் ஞாயிறு யாக்கோபு ஆசியைத் தட்டிப் பறிப்பது, மூன்றாம் ஞாயிறு யோசேப்பு விற்கப்படுவது, நான்காம் ஞாயிறு எரியும் முட்புதர். தவக்காலத்துக்கு ஏற்ற பொறுக்கல்தான் என்பேன். ஆனால் தொடர்ந்து படிப்பவருக்கு எரிச்சல் வரும்.

உங்கள் குறையும் புதிதல்ல. எசாயாவும் தொடக்கநூலும் தொடங்கப்படுகின்றன, முடிக்கப்படுவதே இல்லை என்று 1549இல் இங்கிலாந்தின் கான்டர்பரி பேராயர் கிரான்மர் தன் ஆங்கில வழிபாட்டு நூலின் முன்னுரையில் முறையிட்டார். அதற்கும் முன்பே, 1535இல், கர்தினால் கின்யோனெஸ் நீண்ட விவிலிய வாசகங்களோடு ஒரு பிரேவியரியே தொகுத்தார். 1568இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் (பயஸ்) அதை விலக்கிவிட்டார்.

ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கு நூல்கள் மாதத்தின் முதல் ஞாயிறில் தொடங்கும்; பழைய விதிப்படி அந்த முதல் ஞாயிறு என்பது ஒன்றாம் தேதிக்கு மிக அருகில் வரும் ஞாயிறு. 1960 விதியில் அந்த மாதத்துக்குள் வரும் முதல் ஞாயிறு. 2023இல் நீதிமொழிகள் பழைய கணக்கில் ஜூலை 30, புதிய கணக்கில் ஆகஸ்ட் 6. எந்தப் பதிப்பு என்று முகப்புத் தாளில் ஆண்டைப் பாருங்கள்.